நலத்தொண்டர்க்கு ஊரார் செய்யும் சிறப்பு



மருந்தைப் பற்றி ஓர் அதிகாரம் பாடிய வள்ளுவப் பெருந்தகை, அவ்வதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தின் உறுப்புகள் நான்கு என்று வகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன் ஒருவன், அந்நோயைத் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று. இம்மூன்றையும் எவரும் எளிதில் சொல்லிவிடுவர். நான்காவதாக அவர் வைத்தது, நோயாளியின் அருகில் இருந்து மருந்தைக் காலம் அறிந்து கொடுத்துப் பேணுகிறவனை. 'உழைச்செல்வான்' என்று அவனுக்கு ஒரு பெயரும் இடுகிறார். உழை என்றால் பக்கம். பக்கத்தில் சென்று நிற்பவன் என்பது அதன் பொருள். அவனை மருத்துவனுக்கு ஏவலாளாக வைக்காமல், மருத்துவனோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணினார் புலவர். இந்த எண்ணிக்கையை நாம் இன்னும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், அந்த நான்காம் உறுப்பினர்க்கு நாம் செய்யவேண்டிய சிறப்பைப் பற்றியது. நாட்டுப்புறங்களில் மக்கள் நலம் பேணும் செவிலியர், தொண்டர் முதலானோர்க்கு மாவட்ட அளவிலும் ஒன்றிய அளவிலும் விருதுகள் அளிப்பதென்றால், அவ்விருதுகள் எவ்வாறு அமைய வேண்டும்? நான் மருத்துவன் அல்லேன். ஆசிரியப் பயிற்சி பெற்று, நாட்டுப்புறப் பள்ளிகளில் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன். ஆயினும் பரிசளிப்பது என்பது எங்கள் தொழிலின் ஒரு பகுதி. எதற்குப் பரிசு கொடுத்தால் வகுப்பு உயரும், எதற்குக் கொடுத்தால் வகுப்பு கெடும் என்பதை நெடுநாள் பார்த்துப் பழகியவன் என்ற உரிமையில் சில கருத்துகளைச் சொல்லத் துணிகிறேன்.

முதலில், இவர்கள் யார், இவர்கள் செய்யும் பணி யாது என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

1946ஆம் ஆண்டில் போர் குழுவினர் தம் அறிக்கையை அளித்தனர். நாட்டுப்புற மக்களுக்கு அவர்கள் வாழும் இடத்துக்கு அருகிலேயே மருத்துவ வசதி கிடைக்க வேண்டும் என்பது அவ்வறிக்கையின் உயிர்நாடி. 1952 முதல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றின. அந்நிலையங்களின் கிளைகளாகத் துணை சுகாதார நிலையங்கள் அமைந்தன. சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 மக்களுக்கு ஒன்று என்பது அதற்கு வகுத்த கணக்கு. அங்கே பணியாற்றும் அம்மையாருக்கு அரசு இட்ட பெயர் கிராம சுகாதாரச் செவிலியர். ஊரார் இட்ட பெயர் 'நர்சம்மா'.

ஊரில் ஒரு பெண் கருவுற்றால் முதலில் பதிவு செய்பவர் அவர். இரத்தம் குறைந்திருக்கிறதா, இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பவர் அவர். வலி கண்டால் இரவானாலும் வண்டிக்குச் சொல்லி அனுப்புபவரும் அவரே. பிள்ளை பிறந்தபின் எடை பார்க்க வேண்டும். தாய்ப்பால் கொடுக்கச் சொல்ல வேண்டும். தடுப்பூசிக்கு நாள் குறிக்க வேண்டும். புதன்கிழமை தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள். தடுப்பு மருந்து 2 முதல் 8 பாகை வெப்பத்துக்குள் இருந்தால்தான் வீரியம் கெடாது. ஆதலின், பனிக்கட்டிப் பைகள் வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெயில் ஏறுமுன் ஊர் சேர வேண்டும். பேருந்து செல்லாத ஊர்களும் அவருடைய எல்லைக்குள் உண்டு.

இவர் ஒருவர் மட்டும் அல்லர். நாடெங்கும் 2005ஆம் ஆண்டு முதல் 'ஆஷா' என்னும் பெயருடைய பெண் தொண்டர்கள் பணியாற்றி வருகிறார்கள். ஏறத்தாழ 1,000 மக்களுக்கு ஒருவர் என்பது திட்டம். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து கொடுக்கிறார்கள். தொட்டிகளிலும் சிரட்டைகளிலும் தேங்கிய நீரைக் கொட்டிக் கொசுப்புழுவை அழிக்கும் பணியாளர்களும் இந்த வரிசையைச் சேர்ந்தவர்களே.

இவர்கள் ஆற்றிய தொண்டின் பயனை அளந்து பார்க்க முடியுமா? ஓரளவு முடியும். நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளில் 1,000க்கு 129 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்த காலம் 1971. 2020இல் அந்த எண் 28. இலட்சம் பேறுகளுக்கு இத்தனை தாய்மார் இறக்கின்றனர் என்று ஒரு கணக்கு உண்டு. 2004 முதல் 2006 வரையிலான கணக்கெடுப்பில் இந்தியா முழுமைக்கும் 254, தமிழ்நாட்டில் 111 என்று இருந்தது. 2018 முதல் 2020 வரையிலான கணக்கெடுப்பில் அவை 97, 54 எனக் குறைந்தன. பெரியம்மையை 1975இல் நம் மண்ணிலிருந்து ஓட்டினோம். நரம்புச் சிலந்தி நோய் நீங்கிய நாடு என்ற பெயரை 2000இல் பெற்றோம். 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கையான போலியோக் கிருமியால் ஒரு குழந்தையும் கால் முடங்கவில்லை; 2014இல் அதற்குச் சான்றிதழும் கிடைத்தது. இவற்றுக்கெல்லாம் மருந்து கண்ட அறிஞர் காரணர், திட்டம் தீட்டிய அதிகாரிகள் காரணர், பணம் ஒதுக்கிய அரசுகள் காரணம். ஆனால் ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் நின்று, கதவைத் தட்டி, "பிள்ளையைத் தூக்கி வாருங்கள்" என்று அழைத்த குரல் யாருடையது? அந்தக் குரல் எந்தப் புள்ளிவிவரத்திலும் பதிவாவதில்லை.

இங்கேதான் விருது அளிப்பதில் உள்ள முதல் இடர்ப்பாடு தோன்றுகிறது. பாலம் கட்டியவரின் பணியைப் பாலம் காட்டும். பாட்டு எழுதியவரின் பணியைப் பாட்டுக் காட்டும். நலத்தொண்டரின் பணியைக் காட்டுவது எது? வராத நோய், நிகழாத சாவு. ஊரில் ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் அவர் வேலை செய்தார் என்பதற்குச் சான்று. நடக்காத ஒன்றை மேடையில் எப்படிக் காட்டுவது? ஆதலால், தொலைவிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அவர் படுவதே இல்லை.

நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் இது விளங்கும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ருபெல்லா ஆகிய நோய்களுக்கு எதிரான தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டில் நடந்தது. ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிகளிலேயே ஊசி போட ஏற்பாடு. அவ்வமயம் கைப்பேசி வழியாக ஒரு வதந்தி காட்டுத்தீப்போல் பரவியது. ஊசி போட்டால் பிள்ளைகளுக்குத் தீங்கு நேரும் என்று யாரோ சொல்லியனுப்பிய செய்தியை நம்பி, தாய்மார் பலர் எங்கள் பள்ளி வாயிலுக்கு வந்து, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புமாறு கேட்டார்கள். நாங்கள் ஆசிரியர்கள் எடுத்துச் சொன்னோம்; கேட்பார் இல்லை. சுற்றறிக்கையைப் படித்துக் காட்டினோம், பயனில்லை.

அப்போது அவ்வூர்ச் செவிலியர் அம்மையார் வேப்பமரத்தடியில் ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து பழைய பதிவேடு ஒன்றை எடுத்தார். விரிவுரை ஏதும் ஆற்றவில்லை. முன்னால் நின்ற ஒரு தாயைப் பார்த்து, "ஏனம்மா, உன் மகள் எட்டாம் மாதத்தில் பிறந்தாள். ஒன்றே முக்கால் கிலோ இருந்தாள். நெஞ்சோடு அணைத்துக் கதகதப்பாக வைத்துக்கொள் என்றேன், வைத்துக்கொண்டாய். நாற்பது நாள் உன் வீட்டுக்கு நடந்தேன். அன்றைக்குக் கேட்ட பேச்சை இன்றைக்கு ஏன் கேட்கமாட்டேன் என்கிறாய்?" என்று கேட்டார். அந்தத் தாய் தலைகுனிந்து நின்றாள். பின்னர், "நீங்கள் சொன்னால் சரி அக்கா" என்றாள். இவ்வாறே ஒவ்வொருவருக்கும் அவரவர் பிள்ளை பிறந்த நாளும் எடையும் அந்த ஏட்டில் இருந்தன. அன்றே பெரும்பாலோர் இசைந்தனர். இசையாத சில வீடுகளுக்கு அவர் மறுவாரமும் நடந்தார்.

அன்று அந்த மரத்தடியில் வென்றது, ஊசியைப் பற்றிய விளக்கமன்று. பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் சேர்த்து வைத்த நம்பிக்கை. அவ்வாண்டு விழா நாளில் மாவட்டத் தலைநகரில் பாராட்டுச் சான்று பெற்றோர் பட்டியலை நான் பார்த்தேன். இயக்கத்தின் எண்களைத் தொகுத்து அனுப்பிய அலுவலர் ஒருவரின் பெயர் இருந்தது. அவர் உழைப்பையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. இரவெல்லாம் கண்விழித்துத்தான் தொகுத்திருப்பார். ஆனால் மரத்தடியில் அமர்ந்த அம்மையாரின் பெயர் அதில் இல்லை. அவரை யாரும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. பட்டியல் எழுதிய மேசையிலிருந்து அந்த மரம் தெரியாது. அவ்வளவுதான்.

ஆகவே, விருது பற்றி நான் சொல்ல விரும்பும் முதற்கருத்து இது: அண்மையில் உள்ள கண்ணே இத்தொண்டைக் காணும், ஆதலால் அண்மையில் உள்ளவர்களே இவ்விருதுக்கு உரியவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேசிய அளவில் விருதுகள் இல்லாமல் இல்லை. நடுவண் அரசு 1973 முதல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரால் செவிலியர்க்குத் தேசிய விருது வழங்கி வருகிறது. துணைச் செவிலியரும் சுகாதாரப் பார்வையாளரும் அதில் இடம்பெறுகிறார்கள். அந்தமான் தீவுகளில் ஓங்கே பழங்குடியினரிடையே பணியாற்றிய துணைச் செவிலியர் சாந்தி தெரேசா லக்ரா, 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையின்போதும் அம்மக்களை விட்டு அகலாமல் நின்றவர். 2011இல் அவருக்குப் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டது. மிகத் தகுதியான சிறப்பு. ஆயினும் நாடு முழுவதற்கும் ஆண்டுக்குச் சிலர் என்னும்போது, இலட்சக்கணக்கானோர் பணி செய்யும் துறையில் அது எத்தனை பேரை எட்டும்? மலையுச்சியில் ஏற்றிய விளக்கு அழகுதான். ஆனால் வீட்டு மாடத்திலும் ஒரு விளக்கு வேண்டும்.

கருநாடகத்தில் தும்கூர் மாவட்டத்துப் பாவகடாப் பகுதியில் நரசம்மா என்ற மூதாட்டி வாழ்ந்தார். 'சூலகித்தி' என்ற அடைமொழியோடு அவரை அழைப்பர்; கன்னடத்தில் மருத்துவச்சி என்பது அதன் பொருள். மருத்துவ வசதி எட்டாத ஊர்களில் கட்டணம் ஏதுமின்றி ஆயிரக்கணக்கான பேறு பார்த்தவர் அவர். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே மறைந்தார். பத்மஸ்ரீ கிடைப்பதற்கு நான்காண்டு முன்னதாக, 2014இல், அவர் மாவட்டத்துப் பல்கலைக்கழகமாகிய தும்கூர்ப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. அருகில் இருந்தவர்கள் முதலில் கண்டார்கள். நாடு பின்னர்க் கண்டது. வட்டார விருதின் பயன் இதுவே. அது தன் அளவில் ஒரு சிறப்பு. மேலே உள்ளவர்க்குக் கைகாட்டியாகவும் நிற்கிறது.

இனி, எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பது என்ற வினா எழும். இதில் ஆசிரியர் உலகின் பட்டறிவு நமக்குப் பயன்படும். நல்லாசிரியர்க்கு நடுவண் அரசு 1958 முதல் விருது வழங்குகிறது. 2018 முதல் ஆசிரியர் தாமே தம்மை முன்மொழிந்து விண்ணப்பிக்கும் முறை வந்தது. இதில் ஒரு நன்மை உண்டு. பரிந்துரைப்பார் இல்லாதவரும் முன்வரலாம். ஆயினும் ஒருவர் தம் பெருமையைத் தாமே எழுதி, படம் எடுத்துச் சேர்த்து அனுப்புவதற்கு வேறு ஒரு திறம் வேண்டும். அத்திறமும் தொண்டுள்ளமும் ஒரே ஆளிடம் இருக்கவேண்டும் என்பது இல்லை. மலைச்சரிவில் நான்கு கல் தொலைவு நடந்து கருவுற்ற பெண்ணைப் பார்த்துத் திரும்பும் செவிலியருக்கு, அன்று மாலை விண்ணப்பம் எழுத நேரம் ஏது? ஆதலால் வட்டார விருதுக்கு விண்ணப்பமே வேண்டா. தாய்மார் சிலர், பள்ளித் தலைமையாசிரியர், ஊராட்சி உறுப்பினர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஆகியோர் கூடிப் பேசித் தேர்ந்தெடுக்கட்டும்.

அடுத்தது, எண்களைப் பற்றிய எச்சரிக்கை. இது மிக முக்கியமானது. நேயர்கள் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டுகிறேன்.

தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பரிசு என்று அறிவித்தால் பள்ளிகளில் என்ன நேர்கிறது? நன்றாகக் கற்பித்து விழுக்காட்டை உயர்த்துவோர் உண்டு. பத்தாம் வகுப்புக்குப் போகுமுன்பே, பின்தங்கிய பிள்ளையை ஒன்பதாம் வகுப்போடு வெளியேற்றி, விழுக்காட்டை உயர்த்துவோரும் உண்டு. இருவர்க்கும் ஏட்டில் கிடைப்பது ஒரே எண். பரிசு பின்னவரை வளர்த்துவிட்டால், பாதிக்கப்படுவது யார்? பெயரே தெரியாமல் வெளியேறிய அந்தப் பிள்ளை.

சுகாதாரத் துறையில் இந்தத் தவறு உயிரோடு விளையாடுவதாகும். "உன் எல்லையில் ஒரு சாவும் இல்லை என்றால் விருது" என்று ஒரு செவிலியரிடம் சொன்னால், நாம் அவரை எந்த வழியில் தள்ளுகிறோம்? நேர்ந்த சாவை மறைக்கும் வழியில் அன்றோ தள்ளுகிறோம்? நம் மாநிலத்தில் பேற்றின்போது ஒரு தாய் இறந்தால், அந்தச் சாவு ஏன் நேர்ந்தது, எங்கே காலம் தாழ்ந்தது என்று ஒவ்வொன்றையும் ஆராயும் வழக்கம் உண்டு. வண்டி வரத் தாமதமா, இரத்தம் கிடைக்கத் தாமதமா, வீட்டார் முடிவெடுக்கத் தாமதமா என்று கண்டறிந்தால்தான் அடுத்த தாய் பிழைப்பாள். அந்த ஆராய்ச்சிக்கு முதற்சான்று, ஊரில் உள்ள செவிலியர் உள்ளது உள்ளபடி எழுதும் அறிக்கை. தம் எல்லையில் ஒரு தாய் இறந்தாள் என்று துயரத்தோடும் துணிவோடும் உண்மையை எழுதிய ஒரு பெண், எண்களை அழகுபடுத்தி எழுதிய பத்துப் பேரைவிட விருதுக்கு உரியவர். அவரை மேடைக்கு அழைக்கும் துணிவு நம் தேர்வுக் குழுக்களுக்கு வர வேண்டும். அப்பெண்ணை மேடையில் கண்ட நாளில், மற்றவர்களும் உண்மையை அஞ்சாது எழுதக் கற்பார்கள்.

இடத்தின் அருமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நகரை ஒட்டிய ஊரில் நூற்றுக்கு நூறு ஊசி போடுவதும், கல்வராயன் மலையிலோ சவ்வாது மலையிலோ சிற்றூர் சிற்றூராக ஏறி இறங்கி நூற்றுக்குத் தொண்ணூறு போடுவதும் ஒன்றாகா. வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்ற பிள்ளைக்கு ஒரு பரிசு கொடுப்போம். பத்திலிருந்து ஐம்பதுக்கு ஏறிய பிள்ளைக்கும் ஒரு பரிசு கொடுப்போம். இரண்டாவது பரிசு வகுப்பையே உயர்த்தும் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

விருதைப் பற்றிப் பேசுகையில் மற்றொரு செய்தியை மறைத்துவிட்டுப் போக என் மனம் ஒப்பவில்லை. 2022 மே 22ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம், நம் நாட்டின் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆஷா தொண்டர்களுக்குச் சேர்த்து உலக நலத் தலைவர் விருது அளித்துப் பெருமைப்படுத்தியது. நாடே மகிழ்ந்தது. அடுத்த மூன்றாண்டு முடியுமுன், 2025 பிப்ரவரித் திங்களில், கேரளத்தின் ஆஷா தொண்டர்கள் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் வெயிலிலும் மழையிலும் அமர்ந்து, தமக்குக் கிடைக்கும் மதிப்பூதியமாகிய 7,000 ரூபாயை 21,000 ஆக உயர்த்துமாறு கோரினர். அப்போராட்டம் பல மாதங்கள் நீடித்தது. இவர்கள் சட்டத்தின் கண்ணில் ஊழியர் அல்லர், தொண்டர். ஆதலின் சம்பளம் என்ற சொல்லே அவர்களுக்கு இல்லை. மதிப்பூதியம், ஊக்கத்தொகை என்ற சொற்களே உண்டு.

கோரிய தொகை சரியா, தவறா என்று தீர்ப்புக் கூற நான் இங்கு வரவில்லை. அரசுகளுக்கு நிதி இடர்ப்பாடு உண்டு என்பதையும் அறிவேன். ஆயினும் ஒன்று சொல்வேன். கூலி என்பது கடன். விருது என்பது நன்றி. கடனைத் தீர்க்காமல் நன்றி கூறுபவனை உலகம் எவ்வாறு கருதும்? களத்தில் கதிர் அறுத்த பெண்ணுக்குக் கூலி நெல்லை அளக்காமல், கழுத்தில் மாலை இட்டு அனுப்பினால் அவள் மகிழ்வாளா? வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! விருது, கூலிக்கு மாற்றாக வரக்கூடாது. கூலிக்கு மேலாக வர வேண்டும். மாவட்டத்தில் விருது வழங்கும் பெரியோர், விருது பெறுபவரின் ஊதியம் உரிய நாளில் போய்ச் சேர்ந்ததா என்று முதலில் கேட்டறிந்துகொண்டு, பிறகு மேடை ஏறுவாராயின், அதுவே பாதி விருது ஆகும்.

இறுதியாக, எங்கே, எவ்வாறு அளிப்பது என்பதைச் சொல்லி முடிக்கிறேன்.

வீரர்க்குக் கல் நடும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது வரை அதனை ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுக்கும். செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் அத்தகைய நடுகற்களை இன்றும் காணலாம். ஊர் ஆநிரையைக் காக்கப் போராடி வீழ்ந்தவனுக்கு அவ்வூரார் நட்ட கற்கள் அவை. அந்தக் கல்லை அரசன் தலைநகரில் நடவில்லை. அவன் யாருக்காக வீழ்ந்தானோ அவர்கள் நடந்து போகும் வழியில் நட்டார்கள். ஊர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்ந்தார்கள். ஆநிரையைக் காத்தவனுக்கே கல் நட்ட மண், பிள்ளைகளைக் காப்பவரை மறக்கலாமா?

கல் நட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. செலவின்றிச் செய்யக்கூடிய இரண்டு காரியங்களைச் சொல்கிறேன். குடியரசு நாள், தொழிலாளர் நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நாட்களில் நம் ஊர்களில் கிராம சபை கூடுகிறது. ஆண்டில் ஒரு கூட்டத்திலாவது, அவ்வூரின் நலம் பேணும் செவிலியரையும் தொண்டர்களையும் அழைத்து, முன்வரிசையில் அமர்த்தி, அவர்கள் செய்த பணியை ஊரார் முன் படித்து, அதைத் தீர்மானமாகவே பதிவு செய்ய வேண்டும். அவர் கையால் முதல் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளை வளர்ந்து வந்து ஒரு துண்டைப் போர்த்தட்டும். அமைச்சர் போர்த்தும் பொன்னாடையைவிட அதன் கனம் கூடுதலாக இருக்கும். ஒன்றிய அளவிலும் மாவட்ட அளவிலும் விருது தருவோர், அந்தத் தீர்மானங்களிலிருந்தே தம் பட்டியலைத் தொடங்கட்டும்.

மற்றொன்று. எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் தலைமையாசிரியர் அறையில் ஒரு பலகை இருக்கும். பள்ளி தொடங்கிய நாள் முதல் பொறுப்பில் இருந்தவர்களின் பெயர்கள், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்ற குறிப்போடு அதில் எழுதியிருக்கும். என் பெயரும் ஒரு பள்ளியில் அப்படி இருக்கிறது. நான் பார்த்த துணை சுகாதார நிலையம் எதிலும் அத்தகைய பலகை இல்லை. எத்தனையோ பெண்கள் அங்கே இருந்து, இரவு பகல் பாராமல் பணி செய்து, மாற்றலாகியும் ஓய்வு பெற்றும் போய்விட்டார்கள். அந்த ஊரில் இன்று உயிரோடு நடமாடும் பலர், அவர்களால் நடமாடுகிறார்கள். அவர்களின் பெயரை எழுத ஒரு பலகையும் கொஞ்சம் வண்ணமும் போதும். ஊராட்சி செய்யலாம், இளைஞர் மன்றம் செய்யலாம், பள்ளிப் பிள்ளைகளும் செய்யலாம். பழைய செவிலியர்களின் பெயர்கள் ஏட்டில் கிடைக்காவிட்டால், ஊரில் உள்ள பாட்டிமாரைக் கேளுங்கள். தாம் எந்தச் செவிலியர் கையில் பிள்ளை பெற்றோம் என்பதை எந்தத் தாயும் மறப்பதில்லை.

ஆண்டுக்கு ஒருவர் தலைநகரில் சிறப்புப் பெறுவது நாட்டுக்குப் பெருமை. ஊர்தோறும் ஒருவர் ஊரார் கையால் சிறப்புப் பெறுவது நாட்டின் நலத்துக்கே உறுதி. நாளை உங்கள் தெருவில் அந்தப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓர் அம்மையார் வந்தால், அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திண்ணையில் அமரச் சொல்லி, ஒரு குவளைத் தண்ணீர் கொடுங்கள். நான் சொன்ன விருதுகள் எல்லாம் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.